கொண்டையில் டெஸ்டர் செருகியவர்

அவரை எங்கள் ஊர் டீக்கடைக்காரருக்குப் பிடிக்காது. மாவு மில்காரருக்கும் சோடாக் கடைக்காரருக்கும் பிடிக்காது. எங்கள் ஆபீசில் ஒருவருக்குமே பிடிக்காது. மற்றவர்களுக்கெல்லாம் அவர் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். நான் அவரைத் தூரத்தில் பார்த்தாலே அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன். அதற்குக் காரணம் இருந்தது, அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. பேர் வேண்டாம். அங்கே நான் லைசென்ஸ் பிரிவில் கிளார்க். கடை வைக்க, மில் வைக்க, குதிரைத்திறன் கூடிய மோட்டார் மாட்ட, எல்லாவற்றுக்கும் அனுமதிக் காகிதம் என் மேஜையிலிருந்துதான் கிளம்பும். அவருடைய பேரையும் நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பேரைச் சொல்லி உறவு கொண்டாடுகிற தகுதி எனக்கு இல்லை.

முப்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான ஆள், அகலமான தோள். சீசனுக்குக் கரும்பு வெட்டப் போவார், இல்லாத நாளில் களை எடுக்கப் போவார். உள்ளங்கை இரண்டும் தோல் செருப்பு மாதிரி இருக்கும். மற்ற பெண்கள் பூ வைக்கிற இடத்தில், கொண்டைக்குள், மஞ்சள் பிடி போட்ட ஒரு டெஸ்டர் செருகியிருப்பார். எலக்ட்ரீஷியன்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்களே, ஸ்க்ரூ டிரைவர் மாதிரி, கரண்ட் இருந்தால் உள்ளே சின்ன விளக்கு சிவப்பாக எரியும், அதுதான்.

டீக்கடைக்குள் நேராக வருவார். கலர் பாட்டில் வைத்திருக்கிற ஃபிரிட்ஜ் முன்னால் நிற்பார்.

"இன்னாம்மா வேணும்?" என்பார் கடைக்காரர்.

"ஒண்ணும் வேணாம். இத்தத் தொட்டுப் பாக்கணும்."

கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி, ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்தில் கொஞ்சம் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, முனையை அங்கே வைத்து, மேல் குமிழில் விரலை அழுத்துவார். எரியாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். எரிந்தால் கடை நடுவில் நின்று திரும்புவார். கத்த மாட்டார், ஆனால் ரோட்டுக்குக் கேட்கும்.

"யாரும் இதுல கை வைக்காதீங்க. வச்சா வலிப்பு வரும்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பார்கள். கடைக்காரர் கரித்துக் கொட்டுவார். ஆனால் மறுநாள் அந்த ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு ஆளும் சாய்ந்து நிற்க மாட்டான். அதற்கு மறுநாள் கடைக்காரர் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் போடுவார்.

அது ஏன் வலிப்பு என்று சொல்லவேண்டும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ஒரு வாரம் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். சில இடத்தில் ரோட்டையே வெட்டிப் பள்ளம் பறித்திருந்தார்கள். திருக்கோவிலூர் பக்கமும் வண்டி இல்லை, கள்ளக்குறிச்சிக்கும் இல்லை. அந்த வாரத்துக்கு ரெண்டு நாள் முன்னால்தான் எங்கள் ஊர் சேகோ மில்லில், ஜவ்வரிசி செய்கிற ஆலையில், கல்வராயன் மலையிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கை மலைமாதிரி இறக்கியிருந்தார்கள். கிழங்கு காத்திருக்காது. ரெண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். மில்லில் கிழங்கு அரைக்கப் புது மெஷின், பெரிய மோட்டார், எல்லாம் மாட்டி ரெடி. எங்கள் அனுமதிக் காகிதம் இல்லாமல் கரண்ட் ஆபீசில் இணைப்புக் கொடுக்க மாட்டார்கள். அனுமதி கொடுக்க வேண்டுமென்றால் எங்கள் ஓவர்சியர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஓவர்சியர் வீடு திருக்கோவிலூரில். அவரால் வர முடியவில்லை.

மில் முதலாளி எங்கள் செயல் அலுவலரான ஈ.ஓ.வின் அறையில் உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. ஈ.ஓ. என்னைக் கூப்பிட்டார்.

"நீ எழுதிடுப்பா. ஓவர்சியர் வந்ததும் கையெழுத்துப் போட்டுடுவாரு."

"சார், நான் பாக்கலியே."

"அவரு மட்டும் போயி இன்னா பாக்கப் போறாரு? எழுதுப்பா."

எழுதினேன். 'நேரில் பார்வையிடப்பட்டது. அனைத்து மோட்டார்களுக்கும் எர்த் இணைப்பு கொடுக்கப்பட்டுள்ளது. குறைகள் ஏதுமில்லை.' என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குப் பெருமை உண்டு. மில் இருந்த தெருப்பக்கம்கூட நான் போனதில்லை.

அன்றே இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்த மில்லில் கிழங்கு தள்ளுகிற வேலையில் இருந்த ஒரு பெண் மெஷின் பிடியைப் பிடித்தபடியே செத்துப்போனாள். தரையெல்லாம் கிழங்குத் தண்ணீர். வெறுங்கால். இருபத்திரண்டு வயது. டெஸ்டர்காரம்மாவின் ஒரே தங்கை. தாய் இல்லாத வீட்டில் அவர்தான் அவளைத் தூக்கி வளர்த்தவர்.

ரோடு அடைபட்டிருந்ததால் பிணத்தைக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. போஸ்ட்மார்ட்டம் இல்லை. முதலாளி சொன்னதை ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். வேலை செய்யும்போது வலிப்பு வந்து, தொட்டியில் விழுந்து, இறந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் புதைத்தாயிற்று.

குளிப்பாட்டும்போது அக்கா தங்கையின் கையை விரித்துப் பார்த்திருக்கிறார். வலது உள்ளங்கையில் குறுக்கே, பிடியின் அகலத்துக்கு, கறுப்பாக ஒரு பட்டை.

ஒரு மாதம் கழித்து ஆபீசுக்கு வந்தார். அதுதான் நான் அவரை முதல்முதலாகப் பார்த்தது. அப்போது கொண்டையில் டெஸ்டர் இல்லை.

"மில்லுல மோட்டார் வெக்கறதுக்குப் பர்மிசன் யார் சார் குடுக்கறது?"

"நாங்கதாம்மா."

"பாத்துட்டுக் குடுப்பீங்களா, பாக்காமக் குடுப்பீங்களா?"

"பாத்துட்டுத்தான்."

"அப்ப சேகோ மில்லயும் யாரோ பாத்துட்டுத்தான் குடுத்தாங்க."

"ஆமா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எந் தங்கச்சிக்கு வலிப்பெல்லாம் வந்ததே இல்ல சார்," என்றார். நான் பேனாவை எடுத்து எதையோ எழுதினேன். அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒரு கடை வாசலில் நாலு நாள் உட்கார்ந்திருந்தாராம். அந்தக் கடைக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார். வேலைக்கு வந்தவள் என்று நினைத்தாராம்.

"எர்த்துன்னா இன்னாண்ணா?"

"கரண்ட்டு வழி தவறி இரும்புல வந்துடுச்சுன்னா, மண்ணுக்குள்ள எறக்கி வுடற கம்பிம்மா."

"மனுசன் மேல எறங்காம?"

"ஆமா."

"அதுக்கு எம்மாம் ஆழம் தோண்டணும்?"

"ஆளு ஒசரத்துக்குக் கொறையாம."

அதற்கு அவர் சொன்னாராம், "அந்தக் குழிய மில்லுல தோண்டியிருந்தா, நாங்க தோண்டியிருக்க வேணாம்." பிறகு ஒரு டெஸ்டர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

சமாதானம் பேச ஆள் அனுப்பினார் முதலாளி. அந்தம்மாவின் குடிசை வாசலில் நின்று பேசினவர்களை அவர் உட்காரச் சொல்லவில்லை. "வலிப்புன்னு எழுதுனதத் திருப்பி எழுதச் சொல்லு. அப்புறம் வா," என்றார். அவர்கள் பேசிக்கொண்டே போக, அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலாளிக்கு ஊரில் எங்கெல்லாம் சொத்து இருந்ததோ அங்கெல்லாம் அந்தம்மா போனார். முதலாளியின் உரக்கடையில் தராசுக்குப் பக்கத்திலிருந்த இரும்பு ஃபேனில் வைத்தார், எரிந்தது. முதலாளியின் தோட்டத்துக் கிணற்று ஷெட் தகரத்தில் வைத்தார், எரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் அதே வாசகம். கை வைக்காதீங்க, வலிப்பு வரும். அவர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். என்னால் அதைத்தான் பார்க்க முடியாது.

உச்சம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபமும் முதலாளியுடையதுதான். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிற நேரம். கச்சிராயபாளையத்துப் பெரிய கரும்பு விவசாயி வீட்டுக் கல்யாணம். வாசல் இரும்புத் தூண்களில் சீரியல் பல்ப் சுற்றியிருந்தார்கள். நானும் சாப்பிடப் போயிருந்தேன். கை கழுவிக்கொண்டு வந்தபோது அவர் தூண் பக்கத்தில் நிற்கிறார். நல்ல புடவை கட்டியிருந்தார். யாரும் தடுக்கவில்லை, பெண் வீட்டு ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் ரெண்டு குழந்தைகள் தூணைப் பிடிக்க ஓடி வந்தன. அவர் ஒரு கையால் ரெண்டையும் சேர்த்துப் பின்னால் தள்ளினார். ஒன்று விழுந்து அழுதது. மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள்.

"கொயந்தய எதுக்குத் தள்ற? யார் நீ?"

"தள்ளாம வுட்டா தூக்கிக்கினு போயிருப்பீங்க. இங்க கை வச்சா வலிப்பு வரும். மண்டபத்துக்காரர் மில்லுல எந் தங்கச்சிக்கு வந்துச்சு. அவரயே வந்து இதப் புடிக்கச் சொல்லுங்க."

முதலாளி அங்கேதான் இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தூணைப் பிடிக்கவில்லை. மண்டப மேனேஜர் ஓடி வந்து டெஸ்டர்காரம்மாவைக் கன்னத்தில் அறைந்தான். அவர் கன்னத்தைத் தடவக்கூட இல்லை, முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பந்தியில் ஜனம் எழுந்தது. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அத்துமீறி நுழைந்ததாகக் கேஸ் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் பகல் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். சும்மா இருப்பாரா? எஸ்.ஐ. மேஜை மேலிருந்த டேபிள் ஃபேனில் டெஸ்டரை வைத்திருக்கிறார். எரிந்திருக்கிறது. எஸ்.ஐ. புதிதாக வந்தவர், வயசு குறைவு. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாராம்.

"தெனம் இதத்தாம்மா திருப்பி வெச்சிக்கினு இருக்கேன்," என்றாராம்.

"அதான் சொல்றேன். வச்சிக்கினே இருங்க. ஒரு நாளைக்கு உங்களயும் வலிப்புன்னு எழுதுவாங்க."

அந்த எஸ்.ஐ.தான் அவரைக் கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் அனுப்பியவர். வக்கீல் கோர்ட்டில் மனுப் போட்டார். கோர்ட்டிலிருந்து எங்கள் ஆபீசுக்கு ஓலை வந்தது. சேகோ மில் மோட்டார் அனுமதிக் கோப்பை ஆஜர் செய்யவும்.

ஈ.ஓ. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "கரையான் தின்னுடுச்சுன்னு எழுதிடலாம். கோப்பு இங்க இருக்கக் கூடாது. புரியுதா? அதுல இருக்கறது உன் கையெழுத்து."

கோப்பை ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைப்பு. சனிக்கிழமையே போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. நல்லவன் என்பதால் அல்ல.

ஞாயிறு காலை அவர் வந்தார். என்னிடம் கோப்பு இருப்பது தெரிந்து வரவில்லை. ஈ.ஓ. வீட்டுக்கும் ஓவர்சியர் வீட்டுக்கும் ஏற்கெனவே போயிருந்தார், அன்று என் வீட்டு முறை. நான் அடுப்புப் பக்கத்தில் கையில் பையோடு நிற்கிறேன். என் மனைவி இடுப்பில் குழந்தையோடு கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கொடி என்றால் கயிறு இல்லை, இரும்புக் கம்பி. ஒரு முனை முருங்கை மரத்தில், மறு முனை வீட்டுக்கு கரண்ட் வருகிற இரும்புக் குழாயில். அதைக் கட்டியவன் நான்தான்.

"துணியப் போடாதம்மா. கொஞ்சம் எட்டி நில்லு," என்றார்.

கம்பியில் டெஸ்டரை வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. காற்றடித்துக் குழாய்க்குள் வயர் அசைந்ததும் மினுக்கென்று எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. என் மனைவியின் கையில் பிழிந்த ஈரப் புடவை சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடம்தான் பேசினார். "இந்தக் கம்பிய அவுத்துப் போட்டுடு, கவுறு கட்டிக்க. மெயின நிறுத்திட்டு அவுத்துடு. ஆபீஸ்ல உம் புருசன் பாக்காமயே பாத்துட்டேன்னு எழுதுவாரு. வூட்டுல நீதாம்மா பாத்துக்கணும்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று. 'ஆமா' என்று நான் சொன்ன அன்றைக்கே என் முகத்தில் படித்திருக்கிறார்.

அவர் போனதும் மனைவி கேட்டாள். "இன்னா எழுதினீங்க?"

நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"நான் செத்திருந்தா எனக்கும் எழுதியிருப்பீங்களா?"

பையை அடுப்பில் போடவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகாமல் கோப்போடு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கோர்ட்டில் கூண்டில் நின்று சொன்னேன். இது என் கையெழுத்து. நான் மில்லைப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஓவர்சியர் ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். ஈ.ஓ. சொல்லித்தான் எழுதினேன். கூடத்தில் சலசலப்பு. இறங்கி வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்ததாகத் தோன்றியது. பெரிய காரியம் செய்துவிட்ட எண்ணம் எனக்கு. வெளியே வேப்பமரத்தடியில் அவர் நின்றிருந்தார். அருகில் போனேன், இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று. அவர் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, நான் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார்.

மூன்று மாதம் கழித்துச் சம்மன் வந்தது. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தியதாக வழக்கு. முதல் எதிரி முதலாளி. இரண்டாம் எதிரி ஓவர்சியர். மூன்றாம் எதிரி நான். பார்வையிட்ட அறிக்கையில் ஈ.ஓ. கையெழுத்து இல்லை, தப்பிவிட்டார்.

வக்கீல் தடுத்துப் பார்த்தாராம். "அந்தக் கிளார்க்கு உண்மையச் சொன்னவரும்மா. அவர் சொன்னதாலதான் கேசே நிக்குது. அவர வுட்டுடுவோம்."

"அந்த வாரமே சொல்லியிருந்தா எந் தங்கச்சி இருந்திருப்பா. சேருங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. நன்றி கெட்ட பொம்பளை என்று வீட்டில் கத்தினேன். மனைவி சோறு போட்டுவிட்டு, "மொதல்ல சாப்புடுங்க," என்றாள். என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலாளி கதையைச் சொல்லிவிடுகிறேன். 'வலிப்பு' என்று எழுதியது தப்பு, மின்சாரம் தாக்கித்தான் மரணம் என்று கோர்ட் சொன்னது. மில்லுக்குச் சீல் வைத்தார்கள். சீல் வைக்கிற அன்று அவர் கரும்பு வெட்டுக்குப் போகாமல் மில் எதிரில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அரக்கு காய்ந்தபிறகு கிட்டப் போய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். முதலாளிக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது. அப்பீல் போட்டார், தோற்றார், போனார். வெளியே வந்தபோது உரக்கடையை மைத்துனன் எழுதி வாங்கியிருந்தான்.

ஓவர்சியர் நோயைக் காட்டி வாய்தா மேல் வாய்தா வாங்கியதால் அவர் வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மாஜிஸ்திரேட் அபராதம் போட்டு, கோர்ட் கலையும்வரை சிறை என்றார். அதாவது அன்று சாயங்காலம் கோர்ட் முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். தண்டனை சின்னதுதான். வேலை போயிற்று.

கூடத்தின் மூலையில் சுவரை ஒட்டி நின்றேன். ஆடு திருட்டு, வரப்புத் தகராறு என்று கேஸ்கள் வந்து போயின. என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கோர்ட் டவாலி எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தான். அவர் எழுந்து போகவில்லை, சாப்பிடவில்லை. நான் கால் மாற்றி நிற்கும்போதெல்லாம் பார்த்தார். நான் மயங்கி விழுந்திருந்தாலும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றியது. வெறுப்புகூட இல்லை அந்தப் பார்வையில். வேலையைச் சரியாக முடிக்கிறார்களா என்று மேற்பார்வை பார்ப்பது போலிருந்தது. இதுதான் நேரில் பார்வையிடுவது என்று எனக்கு அங்கே நிற்கும்போது புரிந்தது.

ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் எழுந்தார். "நீங்க போலாம் சார்," என்றான் டவாலி.

வெளியே வந்தேன். கால் இரண்டும் மரத்திருந்தன. அவர் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அக்கா," என்றேன்.

அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஆபீசில் சார் போட்டுப் பேசியவர் அன்று போடவில்லை.

"ஓவர்சியர் கேசு எப்போ வருது?"

"அடுத்த மாசம் மொத வாரம்."

"நீ வருவியா, சாட்சி சொல்ல?"

"வரேங்க்கா."

"சீக்கிரமா வந்துடு," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.